இலையில் வைத்த டம்ளர்

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்ட சேகர் அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கும் வழக்கத்தை உன் விஷயத்தில் விட்டுவிடலாம். நீ உயிரோடு இருந்தபோதே அந்தக் கேள்விக்கு உன்னிடமிருந்து சரியான பதில் வந்ததில்லை. "எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாய். கடைசி வருஷத்தில் நீ அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது உன் ஈரல் நிஜமாகவே இறுகிப்போயிருந்தது. உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாய்?

முதலில் ஊர்ச் செய்தி. மெட்ராஸுக்குச் சென்னை என்று பெயர் மாற்றியாயிற்று. உன் செம்பாக்கம் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனைகளில் எல்லாம் வீடு வந்துவிட்டது. மொட்டை மாடியில் ஏறி நின்றால் ஏரி தெரியாது, யாரோ ஒருவருடைய தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். தெரு முழுக்க கேபிள் ஒயர். மிலிட்டரி மாணிக்கம் நன்றாக இருக்கிறார். காலையில் ஏரிக்கரையில் கையை வீசி நடக்கிறார். அவர் ஒரு சொட்டுகூடத் தொடமாட்டார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அதனால்தானே அவருடைய கேன்டீன் கோட்டா ரம் முழுவதும் உன் வீட்டு அலமாரிக்கு வந்தது.

உன்னைப் பற்றித் தெரியாதவர்களும் இதைப் படிக்கப்போகிறார்கள். அதனால் நீ எப்படிக் குடித்தாய் என்பதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

கிண்டியில் வேலை முடிந்து எலக்ட்ரிக் டிரெயினில் தாம்பரம் வருவாய். ஸ்டேஷனில் நிறுத்திய சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு. குளியல், நெற்றியில் விபூதி, பிறகு அந்த எவர்சில்வர் டம்ளர். கல்யாணத்துக்கு வந்த பாத்திரம். வயிற்றில் உன் பெயர் வெட்டியிருக்கும். பெயருக்கு அடி வரை ரம், மேல் விளிம்பு வரை தண்ணீர். அண்ணி அவித்த முட்டையில் மிளகுத்தூள் தூவித் தட்டில் கொண்டுவந்து வைப்பார். ஒரு டம்ளர். அதற்கு மேல் கேட்கமாட்டாய். சத்தம் கிடையாது, தள்ளாட்டம் கிடையாது. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாய். மறுநாள் மறுபடி அதே டம்ளர். அது இல்லாத சாயந்திரம் உன் வாழ்க்கையில் அநேகமாக இல்லை.

தெருவே உன்னைப் புகழ்ந்தது. "குடிச்சா சேகர் சார் மாதிரி குடிக்கணும்" என்று பெண்கள் தங்கள் புருஷன்மார்களிடம் உன்னை உதாரணம் காட்டினார்கள். குடிகாரன் என்றால் வேட்டி அவிழ்ந்து சாக்கடை ஓரம் கிடப்பவன், நீ குடிகாரன் இல்லை. சாராயக் கடைக்குப் போகிறவன் இல்லை, பிராந்திக் கடை வாசலில் நிற்கிறவனும் இல்லை. ஒரிஜினல் மிலிட்டரி சரக்கு, மருந்து மாதிரி, உடம்புக்குச் சூடு. இதையெல்லாம் படித்தவர்களே சொன்னார்கள். கல்லீரலுக்கு வேட்டியும் தெரியாது, விபூதியும் தெரியாது. தினமும் வந்து சேர்கிறதா என்பதை மட்டும்தான் அது பார்க்கும். வருகிற விஷத்தை அது அமைதியாக உடைத்துக்கொண்டே இருக்கும். உடைக்கிற இடத்தில் கொழுப்பு சேரும், பிறகு தழும்பு விழும். பாதிக்கு மேல் கெட்டுப்போகும் வரை வலிக்காது. வலிக்காத உறுப்பை நம் ஊரில் யார் நம்பினார்கள்?

பெயருக்கு அடியில் இருந்த ரம், வருஷம் போகப் போக பெயரின் மேல் வந்தது. அதை நான் கவனித்தேன். நீ அப்போதும் ஒரு டம்ளர்தான் என்றாய்.

வீடு கட்டி முடித்த வருஷம் உனக்கு வயிறு முன்னால் வந்தது. அண்ணி உன் பேன்ட் இடுப்பையெல்லாம் பிரித்துத் தைத்தார், முகம் கொள்ளாத சந்தோஷத்தோடு. அண்ணியின் அண்ணன் ஏகாம்பரம் உன் வயிற்றைத் தட்டிப் பார்த்தான்.

"இன்னா மாப்ள, வூடு கட்ன கையோட தொப்பையும் கட்டிக்கினியே. இதுக்கும் லோன் குடுத்தாங்களா?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உன் கைதான் கண்ணில் பட்டது. வாட்ச் முழங்கை வரை ஏறி இறங்கியது. சட்டைக் கைக்குள் புஜம் ஆடியது. உள்ளங்கை சிவந்திருந்தது. நாற்காலியில் லேசாக இடித்தாலும் நீலமாகக் கன்றியது. சதை போட்டவனுக்குத் தோள் இறங்குமா? வயிறு மட்டும் வளர்ந்துகொண்டு, அதைச் சுமக்கிற மனிதன் கரைந்துகொண்டிருந்தான்.

அடுத்த பொங்கலன்று சாப்பிட்டு முடித்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். "அண்ணா, இது தொப்பை இல்ல. வயித்துல நீர் கோத்திருக்கு. லிவர் கெட்டுப்போச்சு. இன்னியோட டம்ளரை விடு. நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வா."

ஏகாம்பரம்தான் முந்திக்கொண்டான். "வாத்தியாரே, நீ காலேஜில தவளைய அறுத்துப் பாடம் நடத்துறவன். மனுசனுக்கு இன்னாத்துக்கு ஜோசியம் சொல்லிக்கினு கீறே?"

கூடம் அதிர்ந்தது. அதில் பெரிய சிரிப்பு உன்னுடையது. "டேய், உன் தவளைக்குத் தொப்பை உண்டாடா?" என்று கேட்டாய். கண்ணில் நீர் வரச் சிரித்தாய். அண்ணா, இத்தனை வருஷத்தில் உன் முகம் எனக்குக் கொஞ்சம் மங்கிவிட்டது. அந்தச் சிரிப்பு மங்கவில்லை. விலங்கியலில் முதல் வகுப்பில் தேறியவன் நான். ஈரல் எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியும். உன் கூடத்தில் நான் ஒரு தவளை வாத்தியார்.

பிறகு கண் மஞ்சளானது. மஞ்சள் காமாலை என்று முடிவு செய்தார்கள், கீழாநெல்லி வந்தது. அண்ணி அதை அரைத்து மோரில் கலக்கிக் காலையில் கொடுத்தார். உப்பில்லாத பத்தியம், எண்ணெய் ஆகாது. பத்தியம் என்பதால் ரம்மும் ஆகாது. டம்ளர் அலமாரியில் கவிழ்ந்தது. ஒரு மாதத்தில் கண் வெளுத்தது, சோறு இறங்கியது, நீ மறுபடி சைக்கிள் மிதித்தாய். கீழாநெல்லிக்கு ஈடே இல்லை என்று தெருவே பேசியது. டம்ளர் கவிழ்ந்து கிடந்ததை ஒருவரும் யோசிக்கவில்லை. காமாலை இறங்கிய சந்தோஷத்தில் அண்ணி முட்டை அவித்தார், நீ டம்ளரை நிமிர்த்தினாய். உன்னைத் தேற்றியது எது, கெடுத்தது எது என்று அந்த ஒரு மாதம் உன் கண் முன்னாலேயே காட்டிக்கொடுத்தது. அந்தப் பெயரையும் செடிக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

ஒரு காலையில் குளியலறையில் ரத்தமாக வாந்தி எடுத்தாய். ஈரல் இறுகினால் ரத்தம் போக வழியில்லாமல் உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்து வெடிக்கும். பாடத்தில் ஒரு வரி அது. உன் பனியனில் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் உனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. ஈரல் கழிக்காத விஷம் மூளைக்குப் போனால் அப்படித்தான் ஆகும். கட்டிலை ரயில் இருக்கை என்று நினைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாய். "தம்பி, கொஞ்சம் அசந்துட்டேன். தாம்பரம் வந்துடுச்சா? வந்தா எழுப்பு." தாம்பரம் கடைசி ஸ்டேஷன், தூங்கினாலும் தாண்டிப் போகாது என்று சொன்னேன். சரி என்று கண்ணை மூடினாய். உன்னை எழுப்ப முடியவில்லை.

சாவுக்கு வந்தவர்கள் என்ன காரணம் என்று கேட்டார்கள். அண்ணி மஞ்சள் காமாலை என்றார். இரண்டாவது ஆள் கேட்டபோதும் அதே பதில். மூன்றாவது ஆளுக்கு நான் சொன்னேன், "குடி" என்று. உன் தலைமாட்டில் நின்றுதான் சொன்னேன். ஏகாம்பரம் என் சட்டையைப் பிடித்தான். அண்ணி எழுந்து வந்தார். "குடிச்சிட்டு என்னிக்காவது ஒருத்தர் வாசல்ல விழுந்திருக்காரா அவர்? இந்த வாசப்படிய இனிமே மிதிக்காதீங்க தம்பி."

மிதிக்கவில்லை. என் அஸ்தினாபுரம் வீட்டிலிருந்து செம்பாக்கம் எத்தனை தூரம்? அடுத்த ஊர்தான். எட்டு வருஷம் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். உன் மகள் சுதாவின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

இந்த வருஷம் உன் மகன் முரளி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். உன் உயரம், உன் நெற்றி. மஸ்கட்டில் வேலை கிடைத்ததாம். போவதற்கு முன் எடுத்த மருத்துவப் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள்.

"அன்ஃபிட்னு போட்டுட்டாங்க சித்தப்பா. லிவர் வீங்கி இருக்காம். அப்பா எதுல இறந்தாருன்னு டாக்டர் கேட்டார். ஜான்டிஸ்னு சொன்னேன். உடனே ரத்தத்துல பரவுற காமாலையான்னு பார்க்க வேற டெஸ்ட் எழுதினார். அதெல்லாம் ஒண்ணுமில்லையாம். அப்போ எதனாலன்னு அவருக்கே புரியல."

"நீ குடிப்பேன்னு அவர்கிட்ட சொன்னியா?"

"சேச்சே. நான் எங்க குடிக்கிறேன்? சாயந்திரம் ஒரு டம்ளர். அப்பா மாதிரி அளவா."

"எந்த டம்ளர்?"

"அப்பா டம்ளர்தான்."

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். உன் முதல் வருஷப் படையலில். நீ விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் இலையில் வைத்தார்கள், கறிக்குழம்பு, வடை, அவித்த முட்டை, பக்கத்தில் உன் டம்ளரில் ரம். கற்பூரம் அணைந்ததும் ஏகாம்பரம் டம்ளரை எடுத்து உன் மகன் கையில் கொடுத்தானாம். "அப்பன் சாப்ட மீதி, வீணாக்கக் கூடாது. ஒரே புள்ள, நீதான் எடுத்துக்கணும்." அப்போது அவன் காலேஜில் சேர்ந்திருந்தான். வருஷத்துக்கு ஒரு முறையாக இருந்தது, சம்பளம் வந்ததும் தினமும் ஆகிவிட்டது. உன்னைக் கொன்றதை உன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, உன் பிள்ளைக்குப் பிரசாதமாகக் கொடுத்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

அவனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க அப்பவும் இப்படித்தான் சொன்னீங்கன்னு அம்மா சொல்வாங்க. உங்களுக்கு அப்பா மேல பொறாமையாம் சித்தப்பா."

வாஸ்தவம்தான். ஊரே உன்னை நேசித்தது. என்னை யாரும் அப்படி நேசித்ததில்லை. பொறாமை இருந்தது. அதனால் உன் ஈரல் கெடாமல் இருந்துவிடுமா? ஆனால் ஒன்று புரிந்தது. நான் சொல்கிற உண்மையை என் வாய் கெடுத்துவிடுகிறது. அவன் நம்புவதாக இருந்தால் அது அண்ணியின் வாயிலிருந்து வரவேண்டும். அவன் கொண்டுவந்த ரிப்போர்ட்டின்படி ஈரல் இன்னும் கொழுப்புச் சேர்ந்த நிலையில்தான் இருந்தது. இப்போது நிறுத்தினால் திரும்பிவிடும். தழும்பு விழுந்தபின் திரும்பாது. உனக்கு அந்த மாதிரி ஒரு நேரம் இருந்தது, அதை நாங்கள் தொப்பை என்று சிரித்துக் கழித்தோம்.

படையலுக்குப் போனேன். கூப்பிடாமல்தான். மத்தியானம், எல்லாம் தயாராக இருந்தது. ஏகாம்பரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், பல் கொட்டிவிட்டது.

"வா வாத்தியாரே. தவளைங்கல்லாம் சௌக்கியமா? வழி மறந்து பூட்டியோன்னு பார்த்தேன்."

அண்ணி எட்டிப்பார்த்தார். போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. இன்னொரு இலையை நறுக்கி வைத்தார்.

உன் படம், அதன் முன் தலைவாழை இலை. இலையின் ஓரத்தில் அந்த டம்ளர். ரம் பெயருக்கு மேலேயே நின்றது. கற்பூரம் காட்டினார்கள், விழுந்து கும்பிட்டோம். ஏகாம்பரம் டம்ளரை எடுத்தான். "இந்தா மருமவனே." முரளி என்னைப் பார்த்துக்கொண்டே வாங்கினான்.

"அண்ணி" என்றேன். "அண்ணன் எதுல செத்தார்னு இவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா பொறாமை. இவனுக்கும் லிவர் வீங்கியிருக்கு. உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டான்."

"படையல் போட்ட எடத்துல இன்னா பேச்சு பேசிக்கினு கீறே?" ஏகாம்பரம் எழுந்துவிட்டான். "எட்டு வருசம் கழிச்சி வந்து அதே பாட்டு."

அண்ணி முரளியைப் பார்த்தார். "லிவரா?" என்றார். அவன் ஆமாம் என்று தலையசைத்தான். அவர் இலையைப் பார்த்துக்கொண்டே நின்றார், கற்பூரத் தட்டு கையிலேயே இருந்தது.

"ஆஸ்பத்திரில உங்கப்பா வயித்துல ஊசி குத்தி நீர் எடுத்தாங்க" என்றார். "குழாய் வச்சு பக்கெட்ல விட்டாங்க. வெளுத்த மஞ்சளா வந்துகிட்டே இருந்துச்சு. நான்தான் கூட நின்னேன். எவ்ளோ நாளா குடிக்கிறார்னு டாக்டர் கேட்டார். கல்யாணம் ஆனதுலேர்ந்துன்னு சொன்னேன். முட்டை அவிச்சுக் குடுத்தது நான்தான்னு அவர்கிட்ட சொல்லல." கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். "தொப்பை இல்லடா அது. ஊசில எடுத்ததும் வயிறு வத்திப்போய் எலும்புதான் இருந்துச்சு. உங்க சித்தப்பா சொன்னதுதான்."

"அப்புறம் ஏம்மா காமாலைன்னே சொன்னீங்க?"

"சுதாவுக்கு வரன் பார்த்துக்கிட்டிருந்தோம். குடிச்சு செத்தவன் பொண்ணுன்னா எவன் வருவான்?"

கையை நீட்டினார். முரளி டம்ளரைக் கொடுத்துவிட்டான். ஏகாம்பரம் தொண்டையைச் செருமினான்.

"ஒரிஜினல் கேன்டீன் சரக்கு. வீணாப் பூடும். அப்ப நான் வேணா எடுத்துக்கவா?"

அண்ணி டம்ளரோடு பின்பக்கம் போனார். "தென்னைக்கு ஊத்தலாமா தம்பி?" என்று அங்கிருந்து கேட்டார். வேண்டாம் அண்ணி, அது என்ன பாவம் செய்தது என்றேன். சாக்கடையில் ஊற்றும் சத்தம் கேட்டது.

அண்ணா, இதை நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணிக்குத் தெரியாது, அறியாமையால் என்னை விரட்டினார் என்று நினைத்துத்தான் எட்டு வருஷம் கோபப்பட்டேன். தெரிந்தேதான் விரட்டியிருக்கிறார். எந்தக் கோபம் பெரியது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. சோறு போடும்போது அண்ணி மெதுவாகச் சொன்னார். "நீங்க சொன்னது தப்புன்னு நான் என்னிக்கும் சொல்லல தம்பி. சொன்ன நேரம்தான்." அது மன்னிப்புக் கேட்டதா, மறுபடி குற்றம் சொன்னதா? நான் ரசம் கேட்டேன், ஊற்றினார்.

முரளி நிறுத்தியிருக்கிறான். தானாகத் திடீரென்று நிறுத்தாதே, டாக்டரிடம் போகலாம் என்று அழைத்துப்போனேன். தினம் பழகிய உடம்பு லேசில் விடாது. முதல் சில நாள் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, இரவில் தூக்கமே இல்லை. "குடிகாரனுக்குத்தானே சித்தப்பா இப்படியெல்லாம் வரும்?" என்று கேட்டான். உன் மகன் புத்திசாலி, அவனே யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மாத்திரை கொடுத்து, அடிக்கடி வரச்சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனை இந்த மாதக் கடைசியில்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து எலக்ட்ரிக் டிரெயினில் திரும்பினோம். பல்லாவரம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். நீ இருந்தால் உன் தோளில் சாய்ந்திருப்பான். தாம்பரம் வந்ததும் எழுப்பினேன். எழுந்துகொண்டான்.

இன்னொன்று. அண்ணி இப்போது காலையில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கி அவனுக்குக் கொடுக்கிறார். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைப் பின்னால் மறைத்தார். நான் டாக்டரிடம் கேட்டேன், கொடுத்தால் கொடுக்கட்டும், ஆனால் அதை நம்பிக் குடிக்கப் போய்விடக் கூடாது என்றார். அண்ணியிடம் அதையே சொன்னேன். "டம்ளர் கவிழ்ந்தே இருக்கட்டும் அண்ணி. நீங்க அரைக்கிறத அரைங்க." முரளி தேறிவிட்டால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். கீழாநெல்லிக்கு ஈடே இல்லை என்பார்கள். ஏகாம்பரம் அதை என்னிடமே வந்து சொல்லுவான். சொல்லட்டும். உன் தடவை சரியாகச் சொன்னவன் என்ற பெயர் எனக்குக் கிடைத்தது, நீ கிடைக்கவில்லை.

உன் சிரிப்பை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அது வேறு விஷயம். ஆனால் இதைச் சொல்கிறேன், செய்வேன். மாதம் தவறாமல் முரளியை நானே பரிசோதனைக்கு அழைத்துப்போவேன். அடுத்த வருஷமும் உன் இலையில் அந்த டம்ளர் இருக்கும். உன் பெயர் வரைக்கும் மோர் ஊற்றி வைப்போம். பிடிக்காவிட்டால் சாப்பிடாமல் போ. மீதியை உன் மகன் குடிப்பான்.

உன் தொப்பையைக் கண்டு பயந்த ஒரே ஆள்,
உன் கூடப் பிறந்த தம்பி
மனோகரன்